தொடாமல் பார்க்கும் பெட்டி

இளம் தாதிமாரே, போன கிழமை உங்கள் கிளினிக்குக்கு என்னைக் கூப்பிட்டுப் புதிதாக வந்த வெப்பக் கமெராவைக் காட்டினீர்கள். ஒரு கைக்குள் அடங்கிவிடுகிறது. இரத்தத்தில் சீனி கூடிய வருத்தக்காரரின் பாதத்துக்கு நேரே பிடித்தால் சூடான இடம் சிவப்பாகவும் குளிர்ந்த இடம் நீலமாகவும் தெரிகிறது. "ராத்தா, உங்கட காலத்தில இதெல்லாம் எங்க இரிந்த?" என்று உங்களில் ஒருத்தி இரக்கத்தோடு கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். பிள்ளைகளே, உங்கள் கமெராவின் பாட்டனை வாட்டுக்கு வாட்டு தூக்கிச் சுமந்தவள் நான். இடுப்பு வலி இன்னும் இருக்கிறது.

பெருமை பேச இதை எழுதவில்லை. அந்தக் கமெராவை வைத்துக்கொண்டு நான் விட்ட பிழை ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் ஓய்வூதியத்தை மட்டும் வாங்கிக்கொண்டு மௌத்தாகிப் போக எனக்கு விருப்பமில்லை. நோயாளியின் பெயரையும் அவருடைய பள்ளிவாசலையும் சொல்லமாட்டேன். நீங்களும் தேடவேண்டாம்.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய காலம். கல்முனைக் கரையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், தோல் கிளினிக்கில், நான் தாதி, ஊர் வாயில் மிஸி. சொறி, தேமல், படை எல்லாம் எங்களிடம் வரும். அவற்றுக்கு நடுவில் தொழுநோயாளிகளும் சத்தமில்லாமல் வந்து போவார்கள். மருந்துக் குளிசை குடித்து நோய் மாறிச் சுகமானாலும் செத்துப்போன நரம்புக்கு உயிர் வராது. அவர்களுடைய பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது, நெருப்புச் சுட்டாலும் தெரியாது.

உணர்வில்லாத காலில் புண் திடீரென்று வருவதில்லை. முதலில் உள்ளே சதை நசிந்து அந்த இடம் சூடாகும். நமக்கென்றால் வலிக்கும், நொண்டுவோம், காலை நீட்டிக்கொண்டு படுப்போம். வலி தெரியாதவர் அதன்மேலேயே பாரத்தைப் போட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் தோல் வெடிக்கும். பிறகு எலும்பு வரைக்கும் போகும், விரல் போகும், கால் போகும். ஆகவே அந்தச் சூட்டை வெடிப்பதற்கு முன் பிடிப்பதுதான் எங்கள் வேலை.

எங்கள் டொக்டர் யாழ்ப்பாணத்துப் பக்கத்தவர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். புறங்கையால் சூடு பார்க்க எனக்குப் பழக்கியவர் அவர்தான். "உங்கட கையை நம்ப வேண்டாம் பிள்ளை, இரண்டு காலுக்கும் இடையில இருக்கிற வித்தியாசத்தை நம்புங்கோ" என்பார். அவருக்குத் தெரிந்த யாரோ வெளிநாட்டிலிருந்து சில மாதத்துக்கென்று இரவல் கொடுத்ததுதான் அந்தக் கமெரா. பெட்டியோடும் சின்ன டீவீயோடும், திரையில் தெரிவதை அந்த இடத்திலேயே படமாக எடுத்துத் தரும் இன்னொரு கமெராவோடும் வந்தது. கறுப்பு வெள்ளைதான். சூடு வெள்ளையாகத் தெரியும், குளிர் கறுப்பாகத் தெரியும். அறையை இருட்டாக்கினால்தான் திரை தெளிவாக இருக்கும்.

அந்தக் கமெரா வேலை செய்ய வேண்டுமென்றால் அதன் வயிற்றுக்குள் திரவ நைதரசன் ஊற்றவேண்டும். கல்முனையில் அது எங்கே கிடைக்கும்? மாட்டாஸ்பத்திரியில் கிடைத்தது. பசுக்களைச் சினைப்படுத்துகிற மருந்தை உறைய வைத்திருப்பது அதில்தான். அங்கு வேலை செய்த நற்பிட்டிமுனைத் தமிழ் அண்ணன் ஒருவர் பால் கேன் போன்ற பாத்திரத்தில் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். வெள்ளைப் புகை பறக்க அவர் எங்கள் அறைக்குள் நுழைவதைப் பார்த்த பொம்பிளைகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "மிஸி, மாட்டுக்குப் போடுற ஊசிய எங்களுக்கும் போடப் போறீங்களா?" என்று ஒரு கிழவி என்னை நேரடியாகவே கேட்டாள்.

இனி மோதினாரிடம் வருகிறேன். எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவர். அறுபதை நெருங்கிய மனிதர். அவருக்குத் தொழுநோய் வந்து மாறியது அவருடைய மனைவிக்கும் டொக்டருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நோயாளிகளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பாதமும் உணர்வற்றவை. ஒரு புண் வந்தால் ஊருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால், நோய் மாறிவிட்டது என்று நாங்கள் ஆயிரம் தரம் சொன்னாலும், அவர் பக்கத்தில் நின்று தொழ எத்தனை பேர் வருவார்கள்? பாங்கு சொல்வதுதான் அவருக்கு வாழ்க்கை. காலோடு சேர்த்து அதுவும் போய்விடும்.

அவரோடு எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. நாங்கள் ஷாபி மத்ஹபுக்காரர். தொழுகைக்காகக் கை கால் கழுவி வுழூ எடுத்த ஆணின் தோலில் அந்நியப் பெண்ணின் தோல் பட்டால் வுழூ முறிந்துவிடும். மோதினாரோ நாள் முழுக்க வுழூவோடு இருக்கிறவர்.

"மிஸி கோவிக்காதீங்க. நான் வுழூவோட இரிக்கன்" என்று காலை இழுத்துக்கொள்வார்.

"கையுறை போட்டுக்கிறன் மோதினார்."

"அதெண்டா பரவால்ல."

அவருக்குப் பரவாயில்லை. ஆனால் கையுறை போட்ட கைக்குச் சூடு தெரியாதே! டொக்டர் இருக்கிற நாளில் டொக்டர் தொட்டுப் பார்ப்பார். இல்லாத நாளில் நானும் மோதினாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிரிவோம்.

கமெரா வந்ததும் எங்கள் சண்டை ஓய்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! தொடாமப் பாக்கிற பெட்டி. இத முதலே கொண்டு வந்திரிந்தா என்ன?" என்று மோதினார் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எனக்கும் நிம்மதி. இதைக் குறித்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே: ஒரு கருவி எந்த இடத்தில் உங்களுக்கு வசதியாக இருக்கிறதோ அந்த இடத்தில்தான் அது உங்களை ஏமாற்றும்.

முதல் தரம் எடுத்த படத்திலேயே அவருடைய இடது கணுக்காலின் வெளிப்புறத்தில் ஒரு ரூபாய்க் குற்றியளவு வெள்ளை தெரிந்தது. டொக்டருக்கு விளங்கவில்லை. "உள்ளங்காலில வந்தால் நடையால வந்தது எண்டு சொல்லலாம். இந்த இடத்தில ஏன்?" என்று யோசித்தார். நான் சீமெந்துத் தரையில் உட்கார்ந்து, தொழுகையில் அத்தஹிய்யாத்து ஓதும் இருப்பை அவருக்கு இருந்து காட்டினேன். இடது பாதம் மடிந்து, கணுக்காலின் வெளிப்பக்கம் தரையில் அழுந்தும். ஐந்து நேரத் தொழுகையும் அதற்கு மேல் சுன்னத்தான உபரித் தொழுகைகளும் தொழுகிற மனிதருக்கு ஒரு நாளைக்கு எத்தனை இருப்பு! டொக்டர் என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டது போல் இருந்தது.

மூன்று கிழமைக்கு, அதாவது இருபத்தொரு நாளைக்கு, தரையில் இருக்கவே கூடாது, கதிரையில் இருந்துதான் தொழவேண்டும் என்றார் டொக்டர். பள்ளியில் கதிரை போட்டால் ஊர் ஏன் என்று கேட்கும். மோதினார் லீவு எடுத்துக்கொண்டு பொத்துவிலில் இருந்த மகள் வீட்டுக்குப் போய் அங்கே கதிரையில் தொழுதார். அவர் திரும்பி வந்தபோது நோன்பின் தலைப்பிறைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. நோன்பு வந்தால் தராவீஹ் தொழுகையும் வரும். ஒவ்வொரு இரவும் ரக்அத் என்ற சுற்று இருபது, இருப்புக்கு மேல் இருப்பு. கால் ஆறியிருந்தால் தரையில் இருக்கலாம். ஆறாமல் இருந்து அவர் தரையில் இருந்தால், பெருநாளைக்கு முன் கணுக்கால் வெடிக்கும்.

அதுதான் கமெரா எங்களிடம் இருந்த கடைசி நாளும். மறுநாள் காலையில் கொழும்புக்குப் போகிறது. கொழும்பிலிருந்து பெரிய டொக்டர்மார் நாலு பேர் அதைப் பார்க்க வந்திருந்தார்கள். கிளினிக்கில் கால் வைக்க இடமில்லை. படம் எடுப்பதற்கு முன் நோயாளி காலைத் திறந்துகொண்டு இருபது நிமிடம் சும்மா இருக்கவேண்டும் என்பது விதி. மோதினாரையும் இருத்தினேன். நல்ல பிள்ளை போல இருந்தார். என் வேலை முடிந்தது என்று அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டேன்.

அவருடைய முறை வந்தது. இருட்டறை. காலை நீட்டினார். திரையில் இரண்டு கணுக்காலும் ஒரே கறுப்பு. ஒரு பொட்டு வெள்ளை இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் டொக்டரைக்கூடக் கேட்காமல் சொல்லிவிட்டேன்:

"மோதினார், கால் ஆறிட்டு. இண்டைக்கு லுஹரே கீழ இருந்து தொழலாம்."

மனிதரின் கண் நிறைந்துவிட்டது. "நோன்புக்கு முதல் எனக்கு இத விடப் பெரிய ஹதியா வேறென்ன மிஸி" என்று சொல்லிவிட்டு விறுவிறென்று போனார். டொக்டர் அந்தப் படத்தைக் கொழும்பு ஆட்களிடம் கொடுத்து, "மூன்று கிழமை ஓய்வு என்ன செய்திருக்குது பாருங்கோ" என்று காட்டினார். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் மோதினாரின் மத்தியானப் பாங்கு எழும்பியது. அன்றைக்கு அவருடைய குரல் தனி அழகு.

நான் யன்னலைத் திறந்தேன். வெளிச்சம் தரையில் விழுந்தது. பின்பக்கக் குழாயடியிலிருந்து படம் எடுக்கிற கதிரை வரைக்கும், சிவப்புச் சீமெந்தில், வரிசையாக ஈரக் காலடிகள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இருபது நிமிடம் இருந்தவர், பாங்குக்கு நேரமாகிறது, இங்கிருந்து நேரே பள்ளிக்குப் போய்விடலாம் என்று, முறை வருவதற்குச் சற்று முன் எழும்பிப் போய் வுழூவைப் புதுப்பித்திருக்கிறார். நனைந்த காலோடு வந்து இருந்திருக்கிறார். ஈரம் காயும்போது தோல் குளிரும். கமெரா பார்த்தது அந்தக் குளிரைத்தான். உள்ளே என்ன எரிகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? காலைத் தொட்டிருந்தால் முதலில் ஈரம்தான் என் கையில் பட்டிருக்கும். தொடத் தேவையில்லாத பெட்டி இருந்தபடியால் நான் தொடவில்லை.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் பிழையிலும் பெரிய பிழை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். டொக்டரின் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. பெரிய மனிதர்கள் படத்தைக் கைமாற்றிப் பார்க்கிறார்கள். இப்போது போய் "அந்தப் படம் பிழை" என்று எப்படிச் சொல்வது? சிலவேளை கால் உண்மையிலேயே ஆறியிருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். அந்த நேரத்தில் மோதினார் மூன்று கிழமைக்குப் பிறகு முதல்முதலாகத் தரையில் இருந்துகொண்டிருந்தார். அரை மணி நேரம் நான் கோழை. விருந்தினர் சாப்பிட எழும்பிய பிறகுதான் டொக்டரை ஒதுக்கிக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "எப்ப கண்டனீங்கள்?"

"பாங்கு சொல்லக்குள்ள."

ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை. "சரி. இனி ஒரு நிமிஷமும் பிந்த வேண்டாம். போய்க் கையால பாருங்கோ. இவைக்கு நான் சொல்லுறன்." சாப்பாட்டு மேசைக்குப் போய் அந்தப் படத்தைத் திருப்பி வாங்கி, "மன்னிக்கவேணும், இது பிழையான படம். என்ர கிளினிக்கில நடந்த பிழை" என்றார். என் பெயரை எடுக்கவில்லை. அந்த "என்ர" என்ற சொல்லுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். உங்களில் ஒருவர் ஒரு நாள் பொறுப்பாளராக வருவீர்கள். அப்போது அந்தச் சொல் உங்கள் வாயிலும் வரட்டும்.

ஆனால் எப்படிப் போவது? நான் தோல் கிளினிக் மிஸி என்று ஊருக்கே தெரியும். நான் எந்த வாசலில் நின்றாலும் அந்த வீட்டுக்கு அந்த நோய் என்று பின்னேரத்துக்குள் சந்தை வரைக்கும் கதை போய்விடும். வெள்ளை உடுப்போடு பள்ளி வாசலில் நின்று மோதினாரைக் கூப்பிட்டால், காலைக் காப்பாற்றி மனிதரை அழித்த மாதிரி. டொக்டர் போனாலும் அதேதான்.

முற்றத்தில் மாட்டாஸ்பத்திரி அண்ணன் வெறும் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, முகம் இப்பிடி இரிக்கி?"

"அண்ணன், ஒரு உதவி வேணும். ஏனெண்டு கேக்கக்கூடா."

"கேக்கல்ல. சொல்லுங்க."

"மோதினார மாட்டாஸ்பத்திரிக்குக் கூப்பிடணும். இப்பவே. நானும் அங்க வருவன்."

அவர் கயிற்றை இறுக்கிக்கொண்டே யோசித்தார். "அவர்ட வெள்ளப் பசுவுக்கு ஊசி போட்டு ரெண்டு மாசத்துக்கு மேல. சினை நிண்டிச்சா எண்டு பாக்கத்தான் வேணும். மாட்டோட வரச் சொல்றன். அது பொய்யில்ல" என்று சைக்கிளில் ஏறினார்.

நான் வேறு ஒழுங்கையால் போய் மாட்டாஸ்பத்திரியின் மருந்தறையில் காத்திருந்தேன். மோதினார் வெள்ளைப் பசுவை இழுத்துக்கொண்டு வந்தார். நொண்டவில்லை. வலி இருந்தால்தானே நொண்டுவதற்கு. என்னைக் கண்டதும் கயிற்றைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். பசுவை அண்ணன் வாங்கிக்கொண்டார். நான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அப்ப நான் வுழூ எடுத்தது பிழையா மிஸி?"

"இல்ல மோதினார். நான் கேக்காதது பிழை. ஈரமா எண்டு தொட்டுப் பாக்காதது பிழை. இப்ப தொடணும். கையுறை இல்லாம."

அவர் ஒரு மரப்பெட்டியில் இருந்தார். பின்னேரத் தொழுகையான அஸருக்கு இன்னும் நேரம் இருந்தது. காலை நீட்டினார்.

"வுழூ தண்ணியில திரும்பி வரும். கால் போனா எங்கிருந்து வரும்? தொடுங்க மகள்."

அதுவரைக்கும் அவருக்கு நான் மிஸி. அன்றுதான் முதல்முதல் மகள் என்றார்.

வலது கணுக்காலில் புறங்கையை வைத்தேன். பிறகு இடதில் வைத்தேன். தேத்தண்ணிக் கோப்பையைத் தொட்ட மாதிரி இருந்தது. வீக்கமும் லேசாக விரலுக்குத் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கிவிட்டது. பஞ்சை வைத்து மெத்தை போலக் கட்டினேன். அழுதுகொண்டே கட்டினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"நோன்பு முழுக்கக் கதிரைதான் மோதினார்."

"ஊர் கேக்குமே. நான் என்னெண்டு சொல்ற?"

மாட்டைக் கட்டிவிட்டு வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற அண்ணன் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "மாடு உதைச்சிட்டெண்டு சொல்றதானே."

"பள்ளியில நிண்டு பொய் சொல்ல ஏலா தம்பி."

"நீங்க ஏன் சொல்ற? மாட்டாஸ்பத்திரியில இருந்து மாட்டோட, கால்ல கட்டோட வெளிய போங்க. மிச்சத்த ஊர் சொல்லும்."

மோதினார் அவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். பசு சினை என்பதையும் அண்ணன் அன்றே பார்த்துச் சொல்லி அனுப்பினார். மோதினாருக்கு என்ன வருத்தம் என்று அந்த மனிதர் என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. ஊகித்திருப்பார். ஊகித்ததை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் கமெராவைப் பெட்டியில் அடைக்குமுன் அண்ணனே இன்னொரு கேன் கொண்டுவந்தார். "இண்டைக்கு மாடுகள் கொஞ்சம் பொறுக்கட்டும்" என்றார். மோதினாரின் கால் நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று கையால் பார்த்துவிட்டுப் படம் எடுத்தோம். கணுக்காலில் என் கை சொன்ன இடத்தில் வெள்ளை இருந்தது. ஆனால் இன்னொன்றும் இருந்தது. வலது பெருவிரலின் அடியில் சின்னதாக ஒரு வெள்ளை. தொழுகை இருப்பில் அந்த விரல் மடிந்து தரையில் ஊன்றியிருக்கும். முதல் நாள் நான் கணுக்காலையே நினைத்துக்கொண்டு விரலைத் தொடவே இல்லை. ஆகவே கை பெரிதா கமெரா பெரிதா என்று என்னிடம் வழக்குக்கு வராதீர்கள். கமெராவுக்கு நான் நன்றியுள்ளவள். அது எங்கே கை வைக்கவேண்டும் என்று காட்டும், வைக்கிற வேலை உங்களுடையது.

ஊர் தன் கடமையைச் சரியாகச் செய்தது. மோதினாரை மாடு உதைத்துவிட்டது என்ற செய்தி முதல் நாள் மஃரிப் தொழுகைக்குள்ளேயே எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. பள்ளி நிர்வாகத்தாரே கதிரை கொண்டுவந்து போட்டார்கள். எப்படி உதைத்தது என்று கேட்டவர்களிடம் அவர் "அல்லாஹ் காப்பாத்தினான்" என்று மட்டும் சொன்னார். அதில் பொய் ஒன்றுமில்லை. அந்தச் சாதுப் பசுவுக்குத்தான் வீண்பழி. அது நிற்கிற பக்கம் பிள்ளைகளை விடாமல் வைத்திருந்தார்கள், பாவம். பெருநாளன்று கணுக்கால் இரண்டும் ஒரே சூட்டில் இருந்தன. தோல் வெடிக்கவில்லை.

அதற்குப் பிறகு மாதம் தவறாமல் வந்தார். காலைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேங்காய் எண்ணெய் பூசச் சொல்லியிருந்தோம். ஒரு நாள் விடாமல் செய்தார். தரையில் இருக்கும்போது கணுக்காலுக்கு அடியில் மடித்த சால்வை வைப்பார். கிளினிக்குக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகக் காலை நீட்டுவார். "தொடுங்க மகள், பிறகு போய் வுழூ எடுக்கன்." கமெரா போய்விட்டது. என் கை இருந்தது. இப்படியே சில வருடங்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில், சுகமில்லாமல் இரண்டு நாள் படுத்து மோதினார் மௌத்தானார். எங்கள் ஊரில் ஆணின் மையித்தைக் குளிப்பாட்டுகிறவர்களில் என் கணவரும் ஒருவர். மோதினாரின் நோயைப் பற்றி அவரிடம் நான் மூச்சும் விட்டதில்லை. அவர் குளிப்பாட்டப் போகிறார் என்று தெரிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்டுவிடுவார்களோ, மௌத்தான பிறகாவது கதை வெளியே வந்துவிடுமோ என்று முந்தானையைப் பிசைந்துகொண்டு இருந்தேன்.

அடக்கம் முடிந்து வந்து தேத்தண்ணியைக் கையில் எடுத்தவர் தானாகவே சொன்னார்:

"மோதினார்ட கால் ரெண்டையும் நான்தான் கழுவின. இந்த வயசுக்கு ஒரு புண் இல்ல, ஒரு வெடிப்பு இல்ல. சின்னப் புள்ளட கால் மாதிரி இரிந்த."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மௌத்துக்கு அழுகிறேன் என்று நினைத்து அவர் பக்கத்தில் வந்திருந்து என்னைத் தேற்றினார். நான் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லித்தான் அழுதுகொண்டிருந்தேன்.